வாஸ்து புருஷனும் காலாண்டு இலக்கும்

ஒரு பொருளை விற்க விரும்புவோர், விற்பதாகக் காட்டிக்கொள்ளாமல், அதை வாங்கக்கூடியவருக்குப் பயன்படும் செய்திகளைத் தொடர்ந்து எழுதியும் அச்சிட்டும் படம் பிடித்தும் இலவசமாகக் கொடுத்து, அதனால் விளையும் நன்றியுணர்வில் தம் பெயரை மெல்ல ஊன்றி வைக்கும் முறைக்கு வணிகவியலார் உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று பெயரிட்டுள்ளனர். கலப்பை விற்ற அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம் 1895-இல் உழவர்களுக்காக ‘தி ஃபர்ரோ’ என்ற இதழைத் தொடங்கியதும், டயர் விற்ற பிரான்சின் மிஷலின் சகோதரர்கள், மக்கள் ஊர் சுற்றினால்தான் டயர் தேயும் என்ற தெளிந்த ஞானத்துடன் 1900-இல் வழிகாட்டி நூல் ஒன்றை அச்சிட்டு இலவசமாக வழங்கியதும் இம்முறையின் தொடக்கச் சான்றுகளாகப் பாடநூல்களில் காட்டப்படுகின்றன. பாடநூல் எழுதியோர் சிவகாசிப் பக்கம் வந்ததில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டின் சுவர்களில் ஆண்டுதோறும் தொங்கும் தினசரி நாட்காட்டி, உலகம் இதுவரை கண்ட உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்களில் தலையாயது என்று துணிந்து கூறலாம். நகைக்கடையோ மளிகைக்கடையோ தன் பெயரை அட்டையில் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கும் அந்த நாட்காட்டி, ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், முகூர்த்த நாள், அரசு விடுமுறை ஆகியவற்றை அன்றன்றைக்கு அறிவிப்பதுடன், பன்னிரண்டு ராசிக்காரர்களின் அன்றைய விதியையும் ஆளுக்கு ஒரே சொல்லில் முடித்துவைக்கிறது. அட்டையின் பின்புறத்தில் பல்லி விழும் பலனும், இன்னின்ன அடி அளவில் அறை அமைந்தால் இன்னின்ன வாழ்வு அமையும் என்று கூறும் மனையடி சாஸ்திரமும் இடம்பெறுகின்றன. இவ்வளவு பெரிய நூலில் ‘நகை வாங்குங்கள்’ என்று ஒரு தாளிலும் எழுதியிருப்பதில்லை. ஆயினும் முகூர்த்த நாளைப் பார்க்க நிமிரும் கண், அந்த நாளுக்கு நகை வாங்க வேண்டிய கடையின் பெயரையும் பார்த்துவிட்டே தாழ்கிறது. வேண்டியவர் தாமாக வந்து கேட்டு வாங்கிச் செல்வதும், ‘இந்த வருசம் காலண்டர் இல்லையா’ என்று உரிமையுடன் கோபிப்பதும் வேறெந்த விளம்பரத்துக்கும் வாய்க்காத பேறுகளாகும்.

இந்த மரபின் நடுவே அண்மைக் காலத்தில் ஒரு புதிய எழுத்தாளர் தோன்றியுள்ளார். வீடு கட்டவோ வாங்கவோ விரும்புவோரைத் தேடிக் கண்டறிந்து, அவர்களுடைய வருமானச் சான்றுகளையும் சொத்து ஆவணங்களையும் திரட்டி, அச்சொத்தின் அடமானத்தின் பேரில் கடன் கிடைக்கச் செய்யும் பணியாளரே வீட்டுக் கடன் அலுவலர் எனப்படுகிறார். 1977-இல் எச்.டி.பாரேக் தம் அறுபத்தாறாம் வயதில் எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தைத் தொடங்கும் வரை, தனிமனிதர் ஒருவர் வீட்டுக்காக நிறுவனத்திடம் நீண்டகாலக் கடன் பெறுவது இந்நாட்டில் அரிதாக இருந்தது. சேமிப்பு, சீட்டுப் பணம், மனைவியின் நகை, மைத்துனரின் பெருந்தன்மை ஆகிய நான்கு தூண்களின் மீதே வீடுகள் எழுந்தன. 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கி நிறுவப்பட்ட பின் வீட்டுக் கடன் நிறுவனங்கள் பெருகின. கூட்டமும் போட்டியும் பெருகப் பெருக, முன்பு துண்டறிக்கை கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அலுவலர், இப்போது நாள்தோறும் எழுதவும் படம் வரையவும் ஒரு நிமிடக் காணொளியில் தோன்றிக் கையை ஆட்டிப் பேசவும் கடமைப்பட்டவராகிவிட்டார். கணிதம் நன்றாக வந்த காரணத்தால் இப்பணிக்கு எடுக்கப்பட்ட ஒருவர், கற்பனை நன்றாக வரவில்லை என்ற காரணத்தால் மாதக் கூட்டத்தில் கடிந்துகொள்ளப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இவ்வெழுத்தாளரின் இடர்களை ஆராய்வதற்கு உத்தரகோசமங்கையைவிடப் பொருத்தமான களம் அமைவது கடினம். இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தென்மேற்கே, சீமைக்கருவேலத்துக்கும் கண்மாய்களுக்கும் நடுவே அமைந்த இவ்வூரின் பழமையைக் குறிக்க, மண் முந்தியோ மங்கை முந்தியோ என்ற சொலவடை வழங்குகிறது. கடன் துறை இவ்வினாவுக்கு நெடுநாளாகவே விடை வைத்திருக்கிறது: மண்ணின் பட்டா முந்தி. ஆயினும் விண்ணப்பப் படிவத்தில் மங்கையை முந்தவிடுவதிலும் பயன் உண்டு. பெண் விண்ணப்பதாரருக்குச் சில வங்கிகள் 0.05 விழுக்காடு வட்டிக் குறைவு அளிக்கின்றன. 20 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் 20 ஆண்டுக்குப் பெறுபவருக்கு இதனால் மாதம் 64 ரூபாய் மிஞ்சும். 64 ரூபாய்க்காக வீட்டில் தலைமையை விட்டுக்கொடுப்பதா என்று தயங்கும் கணவன்மாருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து பெண்ணின் பெயரில் பதியப்பட்டால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசு 1.4.2025 முதல் குறைத்திருப்பதையும், அது 10,000 ரூபாய் வரை ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கொள்கைகள் தளர்வதைக் காணலாம். மேற்கண்ட செய்திகள் ஒரு தாளில் அடங்கும், யாருக்கும் பயன்படும், எந்த நிறுவனத்தையும் புகழவில்லை. உள்ளடக்கம் என்பது இதுதான்.

ஊரின் மங்களநாதர் கோயிலில் உள்ள மரகத நடராசர், ஒலியதிர்வைத் தாங்காத கல் என்ற நம்பிக்கையினால் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்புக் களைந்து காட்சி தருகிறார். ஆண்டில் பெரும்பகுதி தன்னை மறைத்துக்கொண்டு, ஒருமுறை வெளிப்பட்டால் பெருங்கூட்டம் கூடும் என்ற இவ்வுண்மையைக் கடன் அலுவலரின் மேலாளர் ஒருபோதும் ஏற்பதில்லை. நாளுக்கு மூன்று பதிவு என்பதே அவரது சமயம். இக்கோயிலுக்கு வேறொரு தனிச்சிறப்பும் உண்டு. அடிமுடி தேடிய கதையில் நான்முகன் முடியைக் கண்டதாகப் பொய்ச் சாட்சி சொன்ன தாழம்பூ, பிற சிவன் கோயில்களில் பூசைக்கு விலக்கப்பட்டிருக்க, இங்கே ஏற்கப்படுகிறது. தெரியாத கடனுக்குத் தெரிந்தே ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களின் முன்னோடியாகிய அப்பூவுக்கு உத்தரகோசமங்கையில் மன்னிப்பு கிடைத்துவிட்டது. கடன் வாங்கியோரின் நாணயத்தை 300 முதல் 900 வரையிலான எண்ணால் அளக்கும் சிபில் நிறுவனத்திடம் அத்தகைய மன்னிப்பை எதிர்பார்க்கலாகாது. மைத்துனரின் இருசக்கர வாகனக் கடனுக்கு ஜாமீன் நின்று அதை மறந்தும் போனவர்கள், தம் வீட்டுக் கடன் மறுக்கப்படும் நாளில்தான் தாம் தாழம்பூவாக இருந்ததை அறிகின்றனர்.

இனி, அலுவலருக்குத் தலைமையகம் அனுப்பிவைக்கும் உள்ளடக்கத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அதில் ஓர் இளந்தம்பதியர் வெண்ணிறச் சோபாவில் அமர்ந்து, ஒரு சாவியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பற்கள் அனைத்தும் தெரியச் சிரிக்கின்றனர். பின்புலத்தில் புல்வெளி விரிகிறது. குடிநீர் லாரி வரும் நாளைக் கணக்கிட்டு வாழும் கிராமங்களில் இப்புல்வெளி எழுப்பும் முதல் கேள்வி, இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதாகவே இருக்கும். படத்தின் அடியில் கனவு, இல்லம், இன்றே, எளிது ஆகிய நான்கு சொற்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு வரிசையில் நிற்கின்றன. அலுவலர் இதைக் காலையில் ஊர் வாட்சாப் குழுவில் இடுகிறார். அக்குழுவோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பையும், குடமுழுக்கு நன்கொடைப் பட்டியலையும், காணாமற்போன வெள்ளாட்டின் படத்தையும் தாங்கி நிற்கிறது. அஞ்சலி அறிவிப்புக்கு அறுபது பேர் கைகூப்பும் சின்னம் இட்டுக்கொண்டே வரும்போது, இடையில் வந்துவிட்ட சோபாத் தம்பதியருக்கும் அதே வேகத்தில் சிலர் கைகூப்பிவிடுகின்றனர்; அந்த எண்ணிக்கையைத் தலைமையகத்தின் அறிக்கை ‘ஈடுபாடு’ என்ற தலைப்பின் கீழ் மகிழ்ச்சியுடன் சேர்த்துக்கொள்கிறது.

உள்ளடக்கச் சந்தைப்படுத்தலில் உள்ளடக்க நாட்காட்டி என்று ஒன்று உண்டு. எந்த நாளில் எதை எழுதி வெளியிட வேண்டும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்டங்களில் எழுதி வைக்கும் அட்டவணையே அது. பெருநகரங்களில் இதற்கென்றே சம்பளம் பெறுவோர் உள்ளனர். அவர்கள் தயாரிக்கும் அட்டவணை காலாண்டு இலக்கை, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வளவு கடன் வழங்கித் தீர வேண்டும் என்று வகுக்கப்படும் தொகையை, அச்சாணியாகக் கொண்டது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களின் கடைசி நாட்களில் காலாண்டுகள் முடிவதால், அவற்றுக்கு முந்தைய வாரங்களில் ‘இன்றே விண்ணப்பியுங்கள்’ என்ற கூவல் உச்சத்தை அடைகிறது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் அது ஓலமாகவே மாறுகிறது. ஆனால் கடன் வாங்கி வீடு கட்ட வேண்டியவரின் வீட்டில் தொங்குவது சிவகாசி நாட்காட்டி. அதில் வாஸ்து நாட்கள் என்றொரு பட்டியல் உண்டு.

மனையின் காவல் தெய்வமாகக் கருதப்படும் வாஸ்து புருஷன் எப்போதும் உறக்கத்தில் இருப்பவர். ஆண்டில் 8 நாட்களில் மட்டும் கண் விழிப்பவர். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 ஆகியன அந்நாட்கள். விழித்தாலும் மூன்றே முக்கால் நாழிகைக்கு, அதாவது 90 நிமிடத்துக்கு மேல் விழித்திருப்பதில்லை. அந்நேரத்தை ஐந்தாகப் பகுத்துப் பல் துலக்கவும், நீராடவும், பூசை செய்யவும், உண்ணவும், தாம்பூலம் தரிக்கவும் பகுதிக்கு 18 நிமிடமாகச் செலவிடுகிறார். இவற்றுள் உண்ணும் நேரமும் தாம்பூல நேரமும் ஆகிய கடைசி 36 நிமிடமே மனை கோலுவதற்கு உகந்ததென்பர். பசியுடன் இருப்பவரிடம் எதையும் கேட்கலாகாது என்ற உலகியல் அறிவு இதில் வெளிப்படுகிறது. மேற்படி பட்டியலில் ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்கள் இல்லை. அந்நான்கிலும் அவர் கண் விழிப்பதே இல்லை.

இப்போது இரு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் அரிய உண்மை புலப்படும். ஜூன் 30 ஆனியில் வருகிறது. செப்டம்பர் 30 புரட்டாசியில். டிசம்பர் 31 மார்கழியில். மார்ச் 31 பங்குனியில். நிதித்துறையின் நான்கு காலாண்டு முடிவுகளும், ஒன்றுகூடத் தப்பாமல், வாஸ்து புருஷன் கண் திறக்காத நான்கு மாதங்களில் விழுகின்றன. எவரோ வேண்டுமென்றே திட்டமிட்டாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. மாசி 22, மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் வந்து போய்விட்டால் அடுத்த விழிப்பு சித்திரை 10-இல், அதாவது ஏப்ரல் 23-ஐ ஒட்டியே நிகழும். இடைப்பட்ட ஏழு வாரத்தில்தான் கடன் அலுவலர் அலைபேசியை வைத்துவிட்டு உறங்க முடியாமல் தவிக்கிறார். உறங்குபவர் ஒருவர், உறங்காதவர் ஒருவர். இருவருக்கும் இடையே கடன் விண்ணப்பதாரர் ‘சித்திரை பெறக்கட்டும் சார்’ என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். ஆடியில் எதையும் தொடங்கலாகாது என்று நம்பும் குடும்பத்தில், ஆடி 11 வாஸ்து நாள் என்ற செய்தி தனியொரு வழக்காகவே நடைபெறும் என்பதை இங்குக் கிளைச்செய்தியாகக் குறிப்பிடலாம்.

இம்முரணை உணர்ந்த அலுவலர் மார்ச்சில் ஓலமிடுவதை விடுத்துத் தை மாதத்திலேயே ஒரு தாளை எழுதிவிடுவார். வாஸ்து நாளில் மனை கோல விரும்புவோர், ஆவணச் சரிபார்ப்புக்கும் சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் எத்தனை வாரம் பிடிக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த நாளில் விண்ணப்பித்தால் அந்நாளில் முதல் தவணைப் பணம் கையில் இருக்கும் என்பதைக் கூறுவதே அத்தாளின் பொருள். வீட்டுக் கடன் மொத்தமாகக் கொடுக்கப்படாமல் அடித்தளம், லிண்டல், மேல்தளம் எனக் கட்டுமானம் உயர உயரப் பகுதி பகுதியாக விடுவிக்கப்படும் என்பதை அறியாமல், முழுத்தொகையும் ஒரே நாளில் வரும் என்று நம்பிக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டோர் பலர். அவர்களுக்கு இத்தாள் பஞ்சாங்கத்துக்கு நிகராகும்.

ஆனால் வட்டி, தவணை, வாஸ்து ஆகிய மூன்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இப்பகுதியில் உண்டு. கடனைப் பற்றி அலுவலர் அரைமணி நேரம் விளக்கிய பின், எதிரே அமர்ந்திருக்கும் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்: ‘எல்லாஞ் சரி தம்பி, பத்திரத்த எப்பத் திருப்பித் தருவீக?’ 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தைப் பல வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக உரிமை ஆவணங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் முறையையும் விதித்துள்ளது. வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் இவ்வகையின. மனையை உரிமையாளரே ஆண்டு அனுபவிப்பார். பத்திரம் மட்டும் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். சட்டத்துக்கு இது எளிய ஏற்பாடு. பெரியவருக்கோ, டிரங்குப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, மகன்களுக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்த ஒன்றைக் குளிரூட்டப்பட்ட அறையில் கழுத்துப்பட்டை அணிந்திருக்கும் அயலாரிடம் 20 ஆண்டுக்குக் கொடுத்துவைப்பதாகும்.

சேதுபதி மன்னர்கள் கோயில்களுக்கும் பிறர்க்கும் கொடுத்த நிலக்கொடைகளைச் செப்பேட்டில் பொறித்தபோது, அதற்குக் கேடு செய்வோர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்ற வகையிலான எச்சரிக்கையைக் கடைசியில் சேர்ப்பது மரபு. ஆவணத்தைக் காக்கும் பொறுப்பு இவ்வாறு நரகத்தின் வசம் இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 13.9.2023 அன்று வெளியிட்ட ஆணை இம்மரபைப் புதுப்பித்துள்ளது. கடன் முழுவதும் அடைபட்ட 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும்; தம் தவறினால் தாமதம் நேரின் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கடனாளிக்கு இழப்பீடு தர வேண்டும்; ஆவணம் தொலைந்தோ சிதைந்தோ போயிருந்தால் சான்றிட்ட நகல் பெற உதவி, அதன் செலவையும் ஏற்க வேண்டும். 1.12.2023 முதல் அடைபடும் கடன்களுக்கு இது பொருந்தும். பசுக்கொலைப் பாவம் எத்தனை பேரைத் தடுத்தது என்பதற்குக் கணக்கில்லை. நாளுக்கு 5,000 என்பது தணிக்கையில் தெரியும். வீட்டுக் கடன் அலுவலர் தம் வாழ்நாளில் எழுதக்கூடிய சிறந்த பதிவு இச்செய்திதான் என்பது இக்கட்டுரையாசிரியரின் உறுதியான கருத்து. ஆயினும் சாவி தூக்கும் தம்பதியருக்குக் கிடைத்த இடம் இதற்கு இதுவரை கிடைக்கவில்லை. தம் நிறுவனம் தவறக்கூடும் என்று தாமே எழுதுவது எப்படி என்று தலைமையகம் கூச்சப்படுகிறது.

பத்திரத்தைப் பற்றி எழுத இன்னும் ஏராளம் உண்டு. இப்போதைய உரிமையாளரிடம் மனை எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும் முந்தைய ஆவணமே மூலப் பத்திரம். குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைப் பதிவுத்துறை பட்டியலிட்டுத் தருவது வில்லங்கச் சான்று. நில உரிமைக்கு வருவாய்த்துறை தருவது பட்டா. இம்மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் கடன் கிடைக்கும். தாத்தாவின் பெயரில் பட்டாவும், பெரியப்பாவின் பெயரில் பத்திரமும், பேரனின் பெயரில் கட்டட வரி ரசீதும் இருக்கும் மனையில் கடன் அலுவலர் முதலில் வரைய வேண்டியது வம்சாவளி மரம். இனி, பத்திரத்தின் எல்லைக் குறிப்பு. ‘பனைமரத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால் மனைக்குக் கிழக்கில் பனை இருப்பதாகப் பொருள். மேற்கில் தேடுபவர் அடுத்தவரின் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பார். அத்துடன், பத்திரம் எழுதிய காலத்தில் நின்ற பனை எப்போதோ சாய்ந்து, விட்டமாக மாறி, அடுத்த மனையின் வீட்டுக் கூரையில் படுத்திருக்கவும் கூடும். நகரத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ‘எல்லை எங்கே’ என்று கேட்கும்போது உரிமையாளர் மேலே கையைக் காட்டுவது கடவுளை அன்று.

கடன் ஏன் மறுக்கப்படும் என்பதை எழுதுவதே கடன் கிடைக்கும் என்று எழுதுவதைவிட நம்பிக்கையை வளர்க்கும். கடன் நிறுவனங்கள் நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள முடியாத பொருளின் மேல் எவருக்கும் ஆசை வருவதில்லையாதலால், ‘எட்டு ஏக்கர் வச்சிருக்கேன், எட்டு லட்சம் தரமாட்டீகளா’ என்ற கேள்விக்கு அலுவலர் எச்சில் விழுங்குகிறார். அந்த ஏக்கரில் விளைவது பெரும்பாலும் குண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றும் அம்மிளகாய் மாதச் சம்பளம் தரக் கற்றுக்கொள்ளவில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, தை மாசி தொடங்கிப் பறித்துக் களத்தில் காயவைத்து விற்கும் குடும்பத்துக்குப் பணம் சில மாதங்களில் மொத்தமாக வந்து, பல மாதங்களில் மொத்தமாக வராது. தானியங்கிப் பிடித்தமோ மாதந்தோறும் குறித்த தேதியில் கணக்கைத் தட்டும்.

இவ்விடத்தில் கணக்கைத் திறந்து காட்டும் துணிவு அலுவலருக்கு வேண்டும். 20 லட்சம் ரூபாய், 9 விழுக்காடு, 20 ஆண்டு எனில் மாதத் தவணை 17,995 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்குப் போய்விட, அசலில் கழிவது 2,995 ரூபாய்தான். வட்டி விகிதம் மாறாதெனக் கொண்டால் 20 ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் 43 லட்சத்தைத் தாண்டும். இவ்வளவில் நிறுத்தினால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். நிறுத்தாமல் அடுத்த வரியையும் சொல்ல வேண்டும். தனிநபர் பெறும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு விதித்துவிட்டது. ஆகவே மேற்படி கடனில் முதலாண்டு முடிவில், மிளகாய் நல்ல விலைக்குப் போன கையோடு, ஒரு லட்சம் ரூபாயைத் தனியே அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டுவைத்தால், கடைசியில் ஏறத்தாழ 27 தவணைகள் கழன்றுவிடும். ஒரு லட்சம் கட்டியவருக்கு நான்கே முக்கால் லட்சத்துக்கு மேல் தவணைத் தொகை குறைகிறது என்ற இக்கணக்கை, மிளகாய் பறிக்கும் மாதத்தில், பெரிய எழுத்தில் எழுதும் அலுவலரை அவ்வூர் மறக்காது. அவருடைய நிறுவனம் மன்னிக்காது என்பது வேறு.

உத்தரகோசமங்கைக்கு அண்மையிலுள்ள கீழக்கரையில் இதே அலுவலர் வேறொரு பாடம் கற்கிறார். வளைகுடா நாட்டுச் சம்பளம் வரும் அவ்வூரில், ‘மிகக் குறைந்த வட்டி’ என்று அவர் ஆரவாரத்துடன் இட்ட பதிவை, வட்டியே கூடாது என்ற மார்க்க நெறியில் நிற்பவர் மரியாதையுடன் வாசித்து, மரியாதையுடன் கடந்து செல்கிறார். எட்டரை விழுக்காட்டுக்கும் ஒன்பது விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு ஒரு செய்தியே அன்று. மண்டபத்தை நோக்கிச் சென்றால் கடன் வேறொரு முகத்துடன் அறிமுகமாகும். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் மண்டபம் முகாம் வழியாகவே தமிழ்நாட்டுக்குள் பிரிந்து சென்றனர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பத்திரம் என்ற ஒன்றையே கையில் கொண்டுவராதவர்களுக்காகப் பிறந்த அவ்வங்கியின் துணை நிறுவனமாக 2000-இல் வீட்டுக் கடன் நிறுவனமும் எழுந்தது.

நிறுவனங்களின் எழுத்துகளில் மக்கள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கூர்ந்து படிப்பது ஒன்றே ஒன்றுதான். தவணை தவறிய சொத்தைச் சுவாதீனம் எடுத்ததற்கான அறிவிப்பை இரு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழி இதழாக, வெளியிட வேண்டும் என்பது சர்ஃபேசி விதி. புல எண், எல்லை, பரப்பு, கடனாளியின் பெயர், அவர் தந்தையின் பெயர், ஜாமீன்தாரர் என அனைத்தும் அடங்கிய அந்தச் சிற்றெழுத்துப் பத்தியைத் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் பனைமரம் எதுவென்று உறுதி செய்கின்றனர். சாவி தூக்கும் படத்துக்குச் செலவிட்டதில் சிறு பகுதியும் செலவிடாமல் இவ்வளவு ஆழ்ந்த வாசகரைப் பெற்ற நிறுவனம், அதே வாசகர் தன் கடன் விளம்பரத்தை ஏன் நம்பவில்லை என்று ஆய்வு நடத்துவதுண்டு. 1.10.2024 முதல் புதிய சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விழுக்காட்டுடன், கடனாளிக்குப் புரியும் மொழியில் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அதையேனும் அந்தச் சுவாதீன அறிவிப்பின் தெளிவுடன் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

நல்ல உள்ளடக்கம் ஊருக்குள் எவ்வாறு பரவும் என்பதற்கும் இலக்கணம் உண்டு. பத்திரம் திரும்பப் பெறும் விதியையும், வாஸ்து நாளுக்கு முன் விண்ணப்பிக்கும் காலக்கணக்கையும், பட்டா மாற்ற வேண்டிய முறையையும் ஒரே தாளில் எழுதி, அடியில் தம் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அலைபேசி எண்ணும் அச்சிட்டு அலுவலர் கொடுத்தால், அது முதலில் ஆவண எழுத்தரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேரும். அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்குச் செல்லும். நகலின் நகல் எடுக்கையில் தாள் சற்றே மேலேறி, நிறுவனத்தின் பெயர் முழுமையாகவும் அலுவலரின் பெயர் முக்காலும் வெட்டுப்பட்டு, எண் மட்டும் பிழைத்துக்கொள்ளும். அதன் பின் அவ்வெண்ணுக்கு நாள்தோறும் அழைப்புகள் வரும்: ‘ஏங்க, தாலுகா ஆபீசா? சர்வேயர் என்னைக்கு வருவாரு?’ அலுவலர் பொறுமையாக விடை சொல்வார். வாரிசுச் சான்றுக்கு எங்கே போக வேண்டும், வில்லங்கச் சான்றை இணையத்தில் எப்படி எடுப்பது, இறந்துபோன பெரியப்பாவின் கையெழுத்துக்கு என்ன வழி என்பதையெல்லாம் விளக்குவார். மாலையில், அன்றைய அழைப்புகளை நிறுவனத்தின் மென்பொருளில் பதியும்போது, ‘வாடிக்கையாளரின் தேவை’ என்ற கட்டத்தில் புதிய கடன், கூடுதல் கடன், கடன் மாற்றம், பிற ஆகிய நான்கே தெரிவுகள் இருக்க, அவர் ‘பிற’ என்பதை முப்பது முறை அழுத்துவார். அறிக்கையைக் கண்ட மேலாளர், ‘பிற’ என்ற கடன் திட்டத்துக்கு இவ்வட்டாரத்தில் நல்ல வரவேற்பு இருப்பதாகவும், அடுத்த காலாண்டில் அதற்கு இலக்கு நிர்ணயிக்கலாம் என்றும் தலைமையகத்துக்கு எழுதுவார்.